மாஸ்க்குக்கும் மீசைக்கும் நடுவே

மந்தைவெளி, சென்னை
வியாழக்கிழமை

அன்பு மகள் தாரணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீயும் அங்கே நலமாக இருப்பதாகத்தான் ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறாய், அதைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் அடுத்த ஞாயிறு வரைக்கும் ஓட்டுகிறோம். கொரியரில் கவர் வந்ததும் என்னமோ ஏதோ என்று பயந்துவிடாதே, பயப்படுகிற விஷயம் ஒன்றும் இல்லை. போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். நீ கூப்பிடுவது உன் அம்மாவின் போனுக்குத்தான், அதையும் ஸ்பீக்கரில் போட்டு டைனிங் டேபிளில் சொம்பில் சாய்த்துவைத்துவிடுவாள், நான் பின்னால் நின்று தலையை மட்டும் காட்டுவேன். நீ அப்பா சாப்பிட்டாச்சா என்று கேட்பாய், நான் ஆச்சு என்பேன், அதற்குள் அவள் மறுபடியும் பேச ஆரம்பித்துவிடுவாள். அதில் எங்கே நான் என் கதையைச் சொல்வது. கடையில் ரசீது எழுதிப் பழகிய கை, கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

போன ஞாயிறு நீ என்னைப் பிடித்துக் கத்தினாயே, அதற்கு நான் சொன்ன பதில் பொய். கரண்ட் இல்லை, இன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்றெல்லாம் சொன்னேன். இன்வெர்ட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. நீ ஏற்பாடு செய்து கொடுத்த அந்த மூச்சு மெஷினை நான் மாட்டிக்கொள்ளவில்லை, அதுதான் உண்மை. எத்தனை மணி நேரம் மாட்டினேன், எத்தனை தடவை மூச்சு நின்றது என்று எல்லாம் கண்டம் தாண்டி உன் போனுக்கு வந்துவிடும் என்பது தெரிந்தும்தான் மாட்டவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இப்படியே விட்டால் பிரஷர் ஏறி இருதயத்தில் போய் நிற்கும் என்று டாக்டர் சொன்னதையும் நான் மறக்கவில்லை. தீபாவளி சமயத்தில் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்து, துணி வாங்க வந்த ஒரு அம்மாள் பிளவுஸ் துணியை வாங்கிக்கொண்டு என்னை எழுப்பி மீதிச் சில்லறை வாங்கிப் போனதையும் மறக்கவில்லை. மெஷின் வந்தபிறகு பகலில் எனக்குக் கண் சொருகுவதே இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஏன் மாட்டவில்லை என்று கேட்டாயல்லவா, காரணம் உன் அம்மா. அவளைக் குறை சொல்வதாக நினைக்காதே, முழுக்கப் படி.

பொங்கல் கழிந்த வாரம் அவள் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு உன் ரூமுக்குப் போய்விட்டாள். கோபதாபம் ஒன்றும் கிடையாது. அந்த மெஷின் இஸ்ஸென்று இரைவதில் தலை வலிக்கிறது, நான் அங்கே படுத்துக்கொள்கிறேன் என்றாள், அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு மேல் என் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியவள் அவள். ரயிலில் போனால் மற்றவர்கள் எழுந்து வேறு பெட்டிக்குப் போவார்கள், இவள் மட்டும் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். இப்போது லஸ் பக்கம் மெட்ரோவுக்கு நாள் பூராவும் தோண்டுகிறார்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, அதிலும் மத்தியானம் அசந்து தூங்குகிறாள். அப்படிப்பட்டவளுக்கு இந்தச் சின்ன இரைச்சல் எப்படித் தாங்காமல் போயிற்று என்று எனக்கு அன்றே கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சத்தம் என்றாள், சத்தம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இருப்பது இரண்டு பேர், இரண்டு ரூம், இரண்டு கதவு. கடையிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு டிவி பார்ப்போம், அவள் பால் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போவாள், நான் இந்தப் பக்கம். பெரிதாக என்ன பேசிவிடப்போகிறோம் அந்த நேரத்தில், கேஸ் புக் பண்ணியாச்சா, நாளைக்கு யார் வீட்டு வளைகாப்பு என்று இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தை நின்றுபோனதும் வீடே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நடுக்கட்டிலில் தனியாகப் படுத்திருப்பது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதைப் போல இருந்தது, பார்க்க வருகிற நேரம் முடிந்து எல்லோரும் கிளம்பிப் போனபிறகு இருக்குமே அப்படி. உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாகத் தனியாகப் படுக்கிற பழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் கடைப் பையன்களோடு கடையிலேயே வரிசையாகப் படுத்தவன் நான்.

சரி, சத்தம்தானே பிரச்சினை, சத்தத்தைக் குறைத்துவிட்டால் வந்துவிடுவாள் என்று நானே இறங்கினேன். நான் துணிக்காரன், எனக்குத் தெரிந்த வைத்தியம் துணிதான். நம் வீட்டில் மிக்ஸிக்கு உறை, கிரைண்டருக்கு உறை, பிரிட்ஜ் கைப்பிடிக்குக்கூட உறை, இதற்கு மட்டும் ஏன் இல்லை என்று கடைக்குப் பக்கத்து மாடியில் தைக்கிற வேம்புவிடம் அளவு கொடுத்தேன். உள்ளே ஸ்பாஞ்ச், அதற்குமேல் லைனிங், வெளியே நல்ல கெட்டி ராசில்க், கிளிப்பச்சை. வேம்பு இன்னா நைனா, மிஷினுக்கு ஆடித் தள்ளுபடி துணியா என்று கேலி செய்துகொண்டே அழகாகத்தான் தைத்துக் கொடுத்தார். மாட்டிய அன்று சத்தம் குறைந்த மாதிரிதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே மோட்டார் ஊளையிட ஆரம்பித்தது, தொட்டால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடு, மூக்கில் வருகிற காற்றும் போதவில்லை, மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா உன் ரூமிலிருந்து ஓடி வந்து உறையைக் கழற்றி எறிந்தாள். அதோடு என் பக்கத்தில் உட்காருவாள் என்று பார்த்தேன், என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி இப்படியெல்லாம் செய்யாதீங்க என்று சொல்லிவிட்டு மறுபடியும் போய்விட்டாள்.

மறுநாள் மெஷின் வாங்கின நந்தனம் கடைக்குப் போன் பண்ணினேன். குலாம் முகம்மது என்று ஒருவர் வந்தார், நல்ல மனுஷர், வந்ததும் அந்த உறையைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் கொஞ்ச நேரம் பால்கனியில் போய் நின்றார். பின்பக்கம் இருக்கிற ஓட்டை வழியாகத்தான் மெஷின் காற்றை இழுக்கிறதாம், நான் அதைத்தான் ராசில்க்கில் அடைத்து வைத்திருந்தேன். காற்று கிடைக்காமல் அது இன்னும் வேகமாகச் சுற்றும், இன்னும் சத்தம் போடும் என்றார். மர ஸ்டூல் மேல் வைத்ததும் தப்பாம், மரம் அதிர்ந்து சத்தத்தைக் கூட்டுகிறதாம், கட்டிலை விடத் தாழ்வாக ஒரு பலகையில் துண்டை மடித்துப் போட்டு வைத்தார். ஏசி குளிரில் குழாய்க்குள் தண்ணீர் கட்டிக் கொடகொடவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது, அதற்குக் குழாயின் மேல் துணி சுற்றினால் நிற்கும் என்றார். நான் உடனே அந்த உறையையே வெட்டிக் குழாய்க்குச் சுற்றிவிட்டேன், என் துணியும் ஒரு இடத்தில் உதவியதில் எனக்கு ஒரு திருப்தி. எல்லாம் ஆனபிறகும் இஸ்ஸென்ற சத்தம் மட்டும் போகவில்லை. என்னைப் படுக்கச் சொல்லி மாஸ்க்கை மாட்டி மூக்கைச் சுற்றி விரலை வைத்து வைத்துப் பார்த்தார். “சார், மிஷின் மேல தப்பே இல்ல. மாஸ்க்கு மேலுதட்டுல ஒட்டி உக்காரணும். உங்க மீசை நடுவுல கீது, அதுக்குள்ள பூந்து காத்து வெளிய வருது, அதான் விசிலு” என்றார்.

வாயோடு சேர்த்து மூடுகிற மாஸ்க்கையும் மாட்டிப் பார்த்தார், எனக்கு அதில் பயம் வந்துவிட்டது. மூக்குத் துவாரத்தில் செருகுகிற சின்ன மாஸ்க்கும் கொடுத்தார், இரண்டே நாளில் உள்ளே புண். மீசையைக் கொஞ்சம் ட்ரிம் பண்ணிப் பார்த்தேன், முள்ளு முள்ளாக நின்று காற்று இன்னும் கூடத்தான் கசிந்தது. மழித்தால்தான் சரிவரும் என்றார். அது மட்டும் முடியாது என்று அனுப்பிவிட்டேன். உனக்குத் தெரியும், நம் பக்கத்தில் ஒருவன் மீசையை எடுக்கிறான் என்றால் அவன் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று அர்த்தம். என் அப்பா போனபோது எடுத்தேன், என் அம்மா போனபோது எடுத்தேன், அப்போது நீ ஸ்கூல், என்னைப் பார்த்து யாரோ என்று அழுதாய். பெற்றவர்கள் இருவரும் போனபிறகு இனி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்று இருப்பவனைப் போய் எடுக்கச் சொன்னால் எப்படி. அதனால் வேறு வழியில் யோசித்தேன். மெஷினே வேண்டாம், பழையபடி குறட்டையே விடுவோம், அதைத்தான் அவள் தாங்கியிருக்கிறாளே, தானாக வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அதுதான் நீ ஆப்பில் பார்த்தது. அவள் வரவில்லை. உன் ரூமிலிருந்தே மாஸ்க்கை மாட்டுங்க, மாட்டுங்க என்று குரல் கொடுப்பாள், நான் மாட்டியாச்சு என்று படுத்துக்கொண்டே சொல்வேன். பகலில் மறுபடி கண் சொருக ஆரம்பித்தது, பாண்டி பஜாரில் ரோடு தாண்டும்போது ஒரு ஆட்டோக்காரரிடம் நல்ல வார்த்தையாக நாலு வாங்கினேன்.

ஞாயிறு நீ போனில் கத்தினாய், கடைசியில் குரல் கம்மிப்போய் வைத்துவிட்டாய். அது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. திங்கள் காலை நேராக சலூனுக்குப் போய் உட்கார்ந்தேன். சலூன்காரர் கத்தியை எடுத்துவிட்டு இரண்டு தடவை கேட்டார், சார் நிஜமாவா, ஊர்ல யாராச்சும்... என்று இழுத்தார். யாரும் இல்லை, எடுங்க என்றேன். கண்ணாடியில் பார்த்தால் மேலுதடு வெளுத்து, அடுத்தவன் முகத்தை என் கழுத்தில் வைத்த மாதிரி இருந்தது. அப்படியே கடைக்குப் போனேன், அது முட்டாள்தனம். கடையில் துணி எடுத்துப்போடுகிற கயல் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணிக்கட்டைக் கீழே போட்டுவிட்டு, அண்ணாச்சி எப்ப, சொல்லவே இல்லையே என்று கண் கலங்கிவிட்டாள். எதிர்க்கடை நகைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், காப்பி வரவழைத்துக் கொடுத்தார். எல்லாருக்கும் மெஷின், மாஸ்க், காற்று என்று விளக்கிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிற்று. யாரும் நம்பவில்லை. வருத்தத்தை மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அன்பாகப் பேசினார்கள். மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

உன் அம்மா கதவைத் திறந்தாள், பார்த்தாள், அப்படியே செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எதுக்கு என்று மட்டும் கேட்டாள். நான் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன், சத்தம் வருதுன்னுதானே அந்த ரூமுக்குப் போன, இனிமே வராது என்று. அவள் அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. அப்போது சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். “சத்தம் தாங்காமயா போனேன்? உங்க கொறட்டை நின்னு நின்னு வரும், நடுவுல ஹால்ல போன் அடிச்சாக் கேக்கும். இது நிக்காம ஊதுது. அன்னைக்கு என் புள்ள கைய ஒடச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில தனியா உக்காந்து திருப்பித் திருப்பி எனக்கு அடிச்சிருக்கா, எனக்கு ஒண்ணுமே கேக்கல.”

நானும் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். டிசம்பரில் நீ பஸ் ஸ்டாப்பில் பனியில் வழுக்கி விழுந்ததும், மணிக்கட்டு முறிந்ததும், எமர்ஜென்சியில் பெயர் கூப்பிடும்வரை ஒற்றைக் கையோடு காத்திருந்ததும், இங்கே நடுராத்திரி என்று தெரிந்தும் வலி தாங்காமல் கூப்பிட்டதும், எல்லாம் அன்றுதான் கேட்டேன். மறுநாள் சும்மாதான் அடித்தேன் என்று சமாளித்துவிட்டு, பொங்கலன்றுதான் நீயே அவளிடம் மட்டும் சொன்னாயாம். அப்பாவுக்கு இப்போதுதான் மெஷின் வைத்திருக்கிறது, பிரஷர், சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாயாம். அதனால்தான் அவள் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உன் கட்டிலில் போய்ப் படுத்தாள். உன் ராத்திரி எங்கள் பகல், உன் பகல் எங்கள் ராத்திரி, நீ விழுந்தால் பகலில்தானே விழுவாய் என்றாள். ஞாயிறுகளில் நீ ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு கழுத்துக்கு மேலே மட்டும் காட்டியபோது, அங்கே குளிர் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். நானும் பின்னால் நின்று ஸ்வெட்டர் போடு என்று அறிவுரை வேறு சொன்னேன்.

அன்று சாயங்காலமே ஒரு சோதனை வைத்தோம், கேட்டால் சிரிப்பாய். நான் மாஸ்க்கை மாட்டிப் படுத்தேன். அவள் தன் போனை ஹாலில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் படுத்தாள், மாடி வீட்டு புஷ்ராவை அந்தப் போனுக்கு அடிக்கச் சொன்னோம். மெஷின் ஓடுகிறதா என்று நானே குனிந்து லைட்டைப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு அமைதி. ஹாலில் போன் அடித்தது தெளிவாகக் கேட்டது. அவள் எழுந்து போய் புஷ்ராவிடம் கேட்டுச்சு, கேட்டுச்சு என்று சொல்லிவிட்டு, உன் ரூமிலிருந்து தன் தலையணையை எடுத்துக்கொண்டு வந்தாள். இப்போது பழைய இடத்தில்தான் படுக்கிறாள். நானும் தினம் மாஸ்க் மாட்டுகிறேன், காலையில் மீசையும் மழிக்கிறேன், இனி அது பழகிவிடும். ஆக நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் தாரணி, ஒன்றை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அம்மா எடுக்கவில்லை, மறுபடியும் அம்மாவுக்கே அடித்தாய், மறுபடியும் அம்மாவுக்கே. என் போனும் அதே வீட்டில்தான், என் தலையணைக்கு அடியில்தான் இருந்தது. அடித்தால் அதிரும், காதில் விழாவிட்டாலும் கன்னத்தில் தெரிந்திருக்கும். கை ஒடிந்து உட்கார்ந்திருக்கும்போதும் உனக்கு அப்பாவைக் கூப்பிடலாம் என்று தோன்றவில்லையே என்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கோபம் இல்லை. எனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று பார்த்தாய், தெரியும். ஆனால் பிரஷர் மாத்திரைக்கும் மெஷினுக்கும் பயந்து பெற்ற பிள்ளையின் அழுகையை எனக்குத் தராமல் விடாதே. என்னால் அங்கே வந்து ஒன்றும் செய்ய முடியாது, வாஸ்தவம். உன் பெயரைக் கூப்பிடும்வரைக்கும் போனில் கூட இருந்திருப்பேன். பேசத் தெரியாவிட்டால் சும்மாவாவது இருந்திருப்பேன்.

கைக்கு அவர்கள் சொன்ன பயிற்சியை விடாமல் செய். ரப்பர் அடிப்பாகம் உள்ள நல்ல ஷூவாக வாங்கிக்கொள், அழகைப் பார்க்காதே. கனமான பையை அந்தக் கையில் தூக்காதே. அம்மாவிடம் நான் எழுதியதைச் சொல்ல வேண்டாம், நீ சத்தியம் வாங்கியவள், அவள் மீறிவிட்டதாக வருத்தப்படுவாள். உனக்கு ஒரு குறையும் வராமல், நினைத்தது நடந்து, நல்ல உடம்போடும் தைரியத்தோடும் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று கபாலீஸ்வரர் சன்னதியில் நின்று வேண்டிக்கொண்டேன், இங்கிருந்தும் ஆசீர்வதிக்கிறேன். அம்மாவும் தன் ஆசியைச் சொல்லச் சொல்லியிருப்பாள், தெரிந்திருந்தால்.

அம்மா எடுக்கவில்லை என்றால் எனக்கு அடி. என் நம்பர் மாறவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
கருணாகரன்